தொட்டுப் பார்க்கும் தொழில் வரலாறு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு எப்படிப்பட்ட அருங்காட்சியகம் வேண்டும்?

ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் ஃபோல்க்லிங்கன் என்ற ஊரில் ஒரு பழைய இரும்பாலை நிற்கிறது. 1873இல் தொடங்கப்பட்டது. 1960களின் நடுவில் அங்கே 17,000 பேர்வரை வேலை பார்த்தார்கள். 1986இல் உலைகள் அணைந்தன. வழக்கமாக இப்படிப்பட்ட ஆலையை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவார்கள். ஃபோல்க்லிங்கனில் அப்படி நடக்கவில்லை. ஆறு ஊதுலைகளையும், காற்று ஊதும் பேரெந்திரங்கள் நின்ற கூடத்தையும் துருவோடு துருவாகக் காப்பாற்றினார்கள். 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று அங்கே போகிறவர்களில் பலர் ஓவியமும் சிற்பமும் பார்க்கப் போகிறார்கள். தெருச்சுவர் ஓவியர்களுக்கான ஈராண்டுக் கண்காட்சி 2011 முதல் அந்த ஆலையில்தான் நடக்கிறது.

நின்றுபோன ஆலைக்குள் ஓவியம் எதற்கு? சக்கர நாற்காலியில் வருகிறவரும், பார்வையற்றவரும், காது கேளாதவரும் அந்த இரும்புக் காட்டுக்குள் எப்படிச் சுற்றிப் பார்ப்பது? இவை இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு, முதலாவதைக் கலைஞர்களிடமும் இரண்டாவதைக் கட்டட ஒப்பந்தக்காரரிடமும் ஒப்படைப்பதுதான் வழக்கம். அவற்றைச் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதை யோசிக்கப் பொருத்தமான இடங்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

நம் மண்ணில் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டாரத்தில் உள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக் கணிப்பு, இரும்புப் பயன்பாட்டை கி.மு. 2172வரை கொண்டுபோனது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதை அறிவித்தபோது நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின் சிவகளை உள்ளிட்ட இடங்களின் கணிப்புகள் இன்னும் பின்னோக்கிப் போய்விட்டன. ஆனாலும் தமிழ்நாட்டு இரும்பின் வயதைப் பற்றிய பேச்சைத் திருப்பிவிட்ட ஊர் மயிலாடும்பாறைதான். அரூர்ப் பக்கம் தீர்த்தமலையில் காந்த இரும்புக் கனிமப் படிவுகள் இருக்கின்றன. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை என்று பழைய சேலம் மாவட்டத்தின் இரும்பு மலைகளை வரிசையாகச் சொல்லும்போது இந்தப் பெயர் தவறாமல் வரும். ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அரித்தெடுத்து, களிமண் உலையில் கரி போட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பெடுத்த தொழில் இந்தப் பகுதிகளில் பிரிட்டிஷ் காலம்வரை உயிரோடு இருந்தது.

இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அந்தத் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாடலாக இருக்கிறது. இங்கே உள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஒரு தொழில் அருங்காட்சியகத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் இந்தப் பாட்டைப் படிக்கட்டும். நெய் பூசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வேல், ஆயுதத்தின் வடிவத்தை மட்டும் காட்டும். கொல்லன் பட்டறையில் கிடக்கும் முனை மழுங்கிய வேல், யார் செய்தார், யார் பிடித்தார், எதனால் உடைந்தது, யார் சரிசெய்யப் போகிறார் என்று அத்தனையையும் சொல்லும்.

இரும்போடு கதை முடியவில்லை. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவர வேண்டும் என்று போடப்பட்ட குறும்பாதை ரயில்கள் இங்கே ஓடின. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இன்னொன்று. இரண்டாவது 1913இல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் இரண்டுமே போய்விட்டன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயில் இல்லை. ஓசூர் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 அங்கிருந்து புறப்பட்டு நாட்டின் கிராமச் சாலைகளை நிறைத்தது. டைட்டன் கைக்கடிகாரங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே உருவாகின்றன. கிருஷ்ணகிரியின் கிரானைட், தருமபுரியின் பட்டுக்கூடு ஏல அங்காடி, தோத்தாபுரி மாம்பழக் காலத்தில் வீதிவரை மணக்கும் மாங்கூழ் ஆலைகள் எல்லாம் நாம் அன்றாடம் கடந்துபோகிறவை. அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்களும் பழங்காலப் பொருட்களும் இருக்கின்றன. தொழிலின் கதைதான் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கிறது.

தொழில் மரபுப் பாதுகாப்புக்கான உலக அமைப்பு 2003இல் ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரில் ஒரு சாசனத்தை வெளியிட்டது. கட்டடமும் எந்திரமும் மட்டும் மரபாகாது, அந்த எந்திரத்தை ஓட்டத் தெரிந்த மனிதத் திறனும் மரபுதான், அது ஒருமுறை தொலைந்தால் திரும்பக் கிடைக்காமலே போகலாம் என்று அது சொல்கிறது. துருத்தி ஊதத் தெரிந்தவர்களை நாம் இழந்தாயிற்று. உளி பிடித்துக் கல் உடைத்தவர்களும், கொதிநீரில் பட்டுக்கூட்டின் இழை முனையை விரலால் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

ஆலைக்குள் கலை என்ன செய்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தம், சூடு, நாற்றம், வேகம் என்று அதுவே தன்னைச் சொல்லிக்கொள்ளும். நின்ற பிறகு அது பெரிய இரும்புப் பொருள். பெயர்ப் பலகையில் குதிரைத்திறனும் தயாரித்த ஆண்டும் இருக்கும். இரண்டு எந்திரம் பார்த்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த எந்திரத்தின் முன் நின்றவர்களைப் பற்றிப் பலகை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் கலை தேவைப்படுகிறது.

ஃபோல்க்லிங்கன் ஆலையில் இரண்டு உலகப் போர்களின்போதும் 12,000க்கும் மேற்பட்டவர்கள் கட்டாய உழைப்பில் வாட்டப்பட்டார்கள். 2018இல் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி அவர்களுக்காக அந்த ஆலைக்குள்ளேயே ஒரு நினைவிடம் அமைத்தார். துருப்பிடித்த தகரப் பெட்டிகளில் எண்கள். நடுவே கருநிற உடைகளின் குவியல். அந்த மனிதர்களின் பெயர்களை மெல்லிய குரல்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோயிருக்கும் செய்தி அங்கே ஒரு மனிதப் பெயராகக் காதில் விழுகிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் அந்த இடத்தில் நின்றால், படைப்பின் மையமான பெயர்கள் அவருக்கும் அப்படியே போய்ச் சேர்கின்றன. அவருக்கென்று தனியாக எதையும் சேர்க்க வேண்டிய தேவை அந்த இடத்தில் குறைவு.

ரோமில் வேறு ஒரு வழி. 1912இல் கட்டிய மின் நிலையத்தில், டீசல் எந்திரங்களை அகற்றாமல், அவற்றின் முன்னால் பண்டைய ரோமானியப் பளிங்குச் சிலைகளை நிறுத்தினார்கள். 1997இல், பழைய அருங்காட்சியகத்தில் சீரமைப்பு வேலை நடக்கும்வரை வைப்போம் என்று கொண்டுவந்த சிலைகள் அவை. மக்களுக்குப் பிடித்துப்போனதால் சென்ட்ராலே மோன்தெமர்த்தீனி என்ற அந்த மின் நிலையம் நிரந்தர அருங்காட்சியகமாகிவிட்டது. கறுத்த எந்திரமும் வெண்பளிங்கும் ஒன்றையொன்று துலக்கிக் காட்டுகின்றன. நமக்குப் பக்கத்திலேயே கொச்சியில், மிளகும் கயிறும் வணிகம் செய்த ஆஸ்பின்வால் கிடங்கு வளாகத்தில் 2012 முதல் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சி நடக்கிறது. அங்கே போய் வந்த தமிழ் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆனால் எல்லா ஆலைக் கண்காட்சியும் நல்லதில்லை. பெரிய கூடம், உயரமான கூரை, துருவின் அழகு இவற்றுக்காக மட்டும் இடத்தைப் பிடித்து, அங்கே நடந்த வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத படங்களை மாட்டிவிட்டுப் போகும் கண்காட்சிகளும் உண்டு. அவற்றில் ஆலை வெறும் திருமண மண்டபம் ஆகிவிடுகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கண்காட்சி நடந்தால், படைப்பாளி முதலில் குவாரித் தொழிலாளியோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். கல் அறுக்கும் எந்திரத்தின் ஓசையை ஒலிக் கலைஞர் பதிவு செய்யட்டும். கழித்துப் போட்ட கிரானைட் துண்டுகளில் சிற்பிகள் செதுக்கட்டும். விடிய விடியக் கூத்து ஆடும் தருமபுரி மண்ணில், குறும்பாதை ரயில் வந்ததையும் போனதையும் கட்டியங்காரன் சொல்லும் ஒரு கூத்து ஏன் உருவாகக் கூடாது? ரோமில் பளிங்குச் சிலையை டீசல் எந்திரத்தோடு நிறுத்தினார்கள் என்றால், நாம் வில்லும் வாளும் ஏந்திய நடுகல்லை உலைக்களத்தின் பக்கத்தில் நிறுத்தலாம். அந்த வாளைச் செய்தவரின் பெயர் எந்த நடுகல்லிலும் கிடைப்பது அரிது.

சட்டம் சொல்வது, நடப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்குப்படி 2022இலேயே கெடு முடிந்துவிட்டது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பைத் தனியாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் அமைப்பதையும் அரசின் கடமைகளில் சேர்க்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே அணுகல் வசதி யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவி அல்ல, கட்டாயம் செய்தே ஆகவேண்டிய வேலை. சட்டத்தைப் பற்றி இந்த அளவு தெரிந்தால் போதும். கடினமான பகுதி இனிமேல்தான்.

சாய்தளம் என்றதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்குப் போட்டால்தான் அது என்ன என்று தெரியும். நாட்டின் வழிகாட்டுதல்படி ஓர் அலகு உயர 12 அலகு நீளம் வேண்டும். முக்கால் மீட்டர் உயரத் திண்ணைக்கு 9 மீட்டர் நீளச் சாய்தளம். பெரும்பாலான அலுவலக வாசல்களில் இடம் இல்லை என்று மூன்று மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும். அது கணக்குக் காட்டக் கட்டிய சரிவு. ஃபோல்க்லிங்கனில் உலைக்குச் சரக்குக் கொட்டும் மேடை 27 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குச் சாய்தளம் கட்டினால் 324 மீட்டர் நீளம் வேண்டும், இடையே நின்று இளைப்பாறும் தளங்களைச் சேர்க்காமலே. கம்பிவலைப் படிகள், குறுகிய நடைபாலங்கள், குழாய்களுக்கு அடியில் குனிந்து போகும் வழிகள் என்று பழைய ஆலையின் உடம்பே அப்படித்தான் அமைந்திருக்கும். எல்லா இடத்துக்கும் எல்லோரும் போக முடியாது என்பதை ஒப்புக்கொள்வது நேர்மை. போக முடியாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை எல்லோரிடமும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அருங்காட்சியகத்தின் திறமை. கைக்கு அடங்கும் மாதிரி உரு, அந்த மேடையில் நின்று எடுத்த காட்சிப் பதிவு, அங்கே வேலை செய்தவரின் குரல், அந்த இடத்தின் ஓசை ஆகியவற்றைக் கீழ்த்தளத்தில், நுழைந்ததும் எட்டும் இடத்தில் வைக்கலாம். எங்கே படி, எங்கே மின்தூக்கி, எங்கே கழிப்பறை, எங்கே இரைச்சல் அதிகம் என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளும்படி முன்கூட்டியே வெளியிடவும் வேண்டும். வந்து வாசலில் நின்று ஏமாந்து திரும்புகிறவர் மறுபடி வரமாட்டார்.

தொடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'தொடாதீர்கள்' என்ற பலகை இல்லாத அருங்காட்சியகம் அரிது. ஓவியத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் அது சரி. உலை, சுத்தியல், பட்டடை, உளி, துருத்தி போன்றவை கைக்காகவே உண்டானவை. அவற்றைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவருக்குப் பாதிதான் தெரியும். சம்மட்டியின் கனம் தூக்கினால்தான் தெரியும். நம் ஊர்களில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். எண்ணெய் தேய்க்கிறோம், மஞ்சள் பூசுகிறோம், வீரனின் தோளையும் வில்லையும் கைதான் முதலில் அறிகிறது. அதே கல் அருங்காட்சியகத்துக்கு வந்ததும் கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிடுகிறோம். எழுத்துப் பொறித்த அரிய கற்களைக் காப்பது அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வியர்வையின் உப்பு பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது. மூலப்பொருளைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில், அதே பொருளில் நகல் செய்து தொடக் கொடுக்கலாம். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்ற பெயரில் இப்படி ஒரு தொடு கூடம் திறந்தது. நகலுக்குப் பிளாஸ்டிக்கோ சுண்ணமோ வேண்டியதில்லை. கல்லைச் செதுக்கி மெருகேற்றத் தெரிந்த கைகள் கிருஷ்ணகிரியிலேயே இருக்கின்றன. நடுகல்லின் கல் நகல் தொட்டால் கல்லாகவே குளிரும்.

பிரெய்ல் எழுத்தில் விளக்கம் வைத்துவிட்டால் பார்வையற்றோருக்கு எல்லாம் செய்தாயிற்று என்று நினைக்கிறார்கள். நடு வயதிலோ முதுமையிலோ பார்வை போனவர்களில் பிரெய்ல் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களுக்குக் குரல் வேண்டும். அந்தக் குரல், 'இது 1913ஆம் ஆண்டு ரயில் பெட்டி' என்று நிறுத்தினால் பயனில்லை; பெட்டி எத்தனை அடி அகலம், இருக்கை எப்படி, சன்னல் எந்த உயரத்தில், தரை மரமா இரும்பா என்று உருவத்தை எழுப்பித் தர வேண்டும். கண் தெரிந்தவர்களும் அப்படிப்பட்ட விளக்கத்தைக் கேட்டால் பொருளை இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

காது கேளாதோர் விஷயத்தில் தவறான எண்ணம் இன்னும் ஆழமானது. எழுத்து இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும் என்கிறோம். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. நீண்ட வாக்கியங்களால் நிறைந்த பலகை அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. சைகை மொழியில் சரளமான காது கேளாதவரே வழிகாட்டியாக நின்றால் நிலைமை மாறும். இதற்கு ஓசூரில் ஒரு வளம் இருக்கிறது. டைட்டன் நிறுவனம் தொடக்க காலம் முதலே மாற்றுத்திறனாளிகளைப் பணியில் அமர்த்தியதற்காக அறியப்பட்டது. நுண்ணிய பாகங்களைக் கோத்துக் கடிகாரம் செய்த அந்த வாழ்க்கைகளை யார் பதிவு செய்திருக்கிறார்கள்? அதைச் சைகையில் அவர்களே சொல்லிக் காட்சிப் பதிவாக வைத்தால், அதுவே அந்த அருங்காட்சியகத்தின் சிறந்த அறையாக இருக்கும்.

தொழில் செய்த காயம்

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி தொழில் அருங்காட்சியகத்துக்கு வெளியிலிருந்து வரும் விருந்தாளி அல்ல. பலருடைய உடம்பில் அந்தத் தொழிலின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கிரானைட் அறுக்கும்போது பறக்கும் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும் முன்னாள் குவாரித் தொழிலாளிக்குச் சக்கர நாற்காலி வேண்டாம். இருபது அடிக்கு ஓர் இருக்கை வேண்டும். வெடிச் சத்தத்திலும் அழுத்து எந்திரச் சத்தத்திலும் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். அழுத்து எந்திரத்தில் விரல் போனவர்கள் எல்லாத் தொழிற்பேட்டையிலும் உண்டு. கொதிநீரிலேயே வேலை செய்த பட்டு நூற்பாளியின் விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும்.

இவர்கள் செய்த கல்லும் பட்டும் எந்திரமும் காட்சிக்கு வைக்கப்படும் இடத்தில் இவர்களால் படியேற முடியவில்லை என்றால் அது அநீதி. காயங்களை மறைத்துவிட்டு ஏற்றுமதிச் சாதனையை மட்டும் சுவரில் எழுதுகிற அருங்காட்சியகமும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கலைஞரும் அணுகல் வசதியைத் திட்டமிடுகிறவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விரல் இழந்தவரின் கையை அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்து, தொட்டு உணரும் சிற்பமாக வைத்தால் அது கலைப்படைப்பு, தொழில் ஆவணம், பார்வையற்றவருக்கும் எட்டும் காட்சிப்பொருள். மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிகள் கடலோரம்வரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடி திறக்க முடிந்தது, ஏனென்றால் அதைப் பயன்படுத்தியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மின்தூக்கி பழுதானால் எத்தனை நாளில் சரியாகும், ஒலிக் கருவிக்கு மின்கலம் யார் போடுவது, சைகை மொழி தெரிந்தவர் என்றென்று இருப்பார் என்பதெல்லாம் திறப்பு விழா மேடையில் வராத கேள்விகள். பயன்படுத்துகிறவர்களுக்கு இவைதான் முதல் கேள்விகள்.

பெரிய கட்டடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் அரசு அருங்காட்சியகங்களிலேயே சக்கர நாற்காலி அடியில் நுழையும் உயரத்தில் ஒரு மேசை போடலாம். அதில் காந்த இரும்புக் கல், அரித்தெடுத்த கருமணல், ஒரு காந்தம், இரும்புக் கசடு, அடித்து நீட்டிய இரும்புத் துண்டு. கருமணல் காந்தத்தில் மொய்ப்பதை விரலே உணரும். பக்கத்தில் ஓய்வு பெற்ற கொல்லரோ குவாரித் தொழிலாளியோ மாதத்தில் சில நாள் உட்கார்ந்து பேசுவதற்கு மதிப்பூதியம் கொடுக்கலாம். பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. 2023இல் திறந்த அங்குள்ள கலை, ஒளிப்பட அருங்காட்சியகம் தொட்டு உணரும் படைப்புகளை வைத்திருக்கிறது. நம் அருங்காட்சியக ஊழியர்கள் ஒருமுறை போய்க் கற்றுவரலாம். அதற்கும் முன்னால், இரண்டு மாவட்டங்களிலும் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கங்களையும், கல், பட்டு, இரும்புத் தொழிலில் உடல்நலம் இழந்தவர்களையும் கூடத்துக்கு வரவழைத்து, பஸ்ஸிலிருந்து இறங்கியது முதல் திரும்பிப் போவதுவரை எங்கெங்கே தடுக்கிறது என்று அவர்களையே நடந்து காட்டச் சொல்ல வேண்டும். கட்டட வரைபடம் அதற்குப் பிறகு வரலாம்.